தளைத்தோங்க வாழ்த்தலாமா?



முகூர்த்த நாளில் எந்த ஊர்ச் சாலையில் போனாலும் மணமக்களை வாழ்த்தும் பேனர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மாமன் மச்சான் படங்கள், தலைவர்கள் படங்கள், நடுவில் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை. அவற்றில் சிலவற்றில், ‘இல்லறம் தளைத்தோங்க வாழ்த்தும் நண்பர்கள்’ என்று பெரிய எழுத்தில் அடித்திருப்பார்கள். நண்பர்கள் நினைத்தது ‘தழைத்தோங்க’. தழை என்றால் இலை. தழைத்தல் என்றால் இலைவிட்டுச் செழிப்பது. தளை என்றால் காலைக் கட்டும் கயிறு, சங்கிலி, விலங்கு. ஆக, அந்த பேனர் மணமக்களைக் கட்டிப்போட்டு வாழ்த்துகிறது.

பிழை திருத்தியே பழகிய கண்ணுக்கு இது உறுத்தத்தான் செய்யும். ஆனால் கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் பேச்சைக் கேட்டவர்கள், இதில் பொருட்குற்றம் ஒன்றுமில்லை என்று சாதித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ‘பயலுக்கு ஒரு கால்கட்டு போட்டுட்டா தன்னால வீட்டுல தங்குவான்’ என்றுதானே அத்தைமார்கள் பெண் பார்க்கவே கிளம்புகிறார்கள்? அதே கால்கட்டு சாவு வீட்டிலும் உண்டு. உயிர் போனதும் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிநாடாவால் கட்டுகிற கட்டு அது. ஒரே சொல்லை இரண்டு வீட்டிலும் கூசாமல் புழங்குகிறோம்.

இந்த மாதம் தளை என்ற இந்தச் சொல்லைப் பற்றியே கொஞ்சம் பேசலாம். பேனர் பிழையைச் சுட்டிக்காட்டி எங்களுக்கு எழுதிய வாசகர்கள் சிலர், ‘இந்தத் தளைக்கும் யாப்பிலக்கணத்தில் வரும் தளைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?’ என்றும் கேட்டிருந்தார்கள். உண்டு. அங்கே போவதற்கு முன் ஒரு பனைமரம் ஏற வேண்டும்.

தளைதல் என்றால் கட்டுதல். கட்டப் பயன்படுவதும் தளை. மலையாளத்தில் இந்த வேர் நம்மைவிட உயிர்ப்போடு இருக்கிறது. பூரத் திருவிழாவில் மதம் பிடித்து ஓடிய யானையைச் சங்கிலியிட்டு அடக்கினால், யானையைத் ‘தளச்சு’ என்றுதான் மறுநாள் பத்திரிகையில் வரும். அதே மலையாளத்தில் காலில் அணியும் நகைக்கும் ‘தள’ என்று பெயர். யானைக்குப் போட்டால் சங்கிலி, குழந்தைக்குப் போட்டால் நகை. பொன்னால் செய்தாலும் இரும்பால் செய்தாலும் காலைச் சுற்றி வளைவது ஒன்றுதான் என்று மொழி நினைத்திருக்கிறது போலும்.

நம் பக்கத்தில் இந்தச் சொல்லைத் தினசரி வாயில் வைத்துப் புழங்குகிறவர்கள் பனையேறிகள். தென்மாவட்டங்களிலும் கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் பனை ஏறுகிறவர் காலில் மாட்டிக்கொள்ளும் வளையத்துக்குத் தளைநார் என்று பெயர். பேச்சில் அது ‘தளநார்’ ஆகிவிடும். பனைமட்டையிலிருந்து உரித்த நாரை ஊறவைத்து, முறுக்கி, வளையமாக முடிந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் இதை நம்பியா ஒரு மனிதர் அவ்வளவு உயரம் போகிறார் என்று தோன்றும். முறுக்கின் மேல்புறம் சொரசொரப்பு. பாதம் படும் உள்புறம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக, எண்ணெய் தடவியது மாதிரி கறுத்திருக்கும்.

அதை மாட்டிக்கொண்டு ஏறுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களையும் வளையத்துக்குள் நுழைத்துக்கொள்கிறார். கைகளால் மரத்தை அணைத்து, உடம்பை மேலே இழுத்து, இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் தூக்குகிறார். முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிகின்றன. உள்ளங்கால்கள் உள்நோக்கித் திரும்பி மரத்தின் இரண்டு பக்கத்தையும் கவ்வுகின்றன. பாரம் இறங்கியதும் பாதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். தளைநார் விலக விடாது. விலக விடாததால் பிடி இறுகும். பாரம் கூடக் கூடப் பிடியும் கூடும் என்பதுதான் இதன் சூட்சுமம். பிறகு கால்களை ஊன்றி நிமிர்ந்து, கைகளை மேலே மாற்றி, மறுபடி இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு தூக்கு. கிளையே இல்லாத மரம் அது. நூறடியைத் தொடும் பனைகளும் உண்டு. இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும் தொங்க, பதநீர்க் காலம் முழுக்கக் காலையிலும் மாலையிலும் மரத்துக்கு மரம் இதே வேலை. மழை பெய்து மரம் வழுக்கினால், நார் இற்றுப்போயிருந்தால் என்ன ஆகும் என்பதைப் பனங்காட்டு ஊர்களில் போய்க் கேட்டால் வீட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

கால்களைக் கட்டிக்கொண்டால்தான் ஏற முடியும் என்ற இந்த வேடிக்கையை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை. தென்னைக்கு இப்போது இரும்பில் செய்த ஏறும் கருவி வந்துவிட்டது. அதில் கம்பி வடம் மரத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. ஏறுபவர் மிதியில் கால் வைத்து மாறி மாறி மிதித்து மேலே போகிறார். கட்டு காலிலிருந்து மரத்துக்கு மாறிவிட்டது. நல்லதுதான், நெஞ்சும் பாதமும் தேயாது. தளைநார் என்ற சொல்லுக்கு மட்டும் அதில் வேலை இல்லை.

மாடு கன்று வைத்திருப்பவர்களிடம் போனால் காலைக் கட்டுவதற்கு ஒரு சொற்குவியலே கிடைக்கும். கறக்கும்போது உதைக்கிற பசுவின் பின்னங்கால்களை எட்டுப்போட்டுச் சுற்றிக் கட்டுவதற்கென்று ஒரு கயிறு. அதை அணைக்கயிறு என்பார்கள். பயிரில் வாய் வைக்கிற மாட்டுக்குத் தலைக்கயிற்றை முன்னங்காலோடு சேர்த்துக் கட்டி மேயவிடுவார்கள். புல் மேயலாம், தலைதூக்கி ஓட முடியாது. கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டு, ஓடினால் முட்டியில் இடிக்கும்படி செய்வதும் உண்டு. அதற்குத் தொண்டுக்கட்டை என்று பெயர். வெள்ளாவித் துணி சுமந்த கழுதைகளுக்கு முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. அவை மேய்ந்து முடித்து இடம் மாற வேண்டுமானால் முயல் மாதிரி தத்தித் தத்தித்தான் போகும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் பலர் இருப்போம்.

நண்டையும் விட்டுவிடக் கூடாது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து உயிரோடு ஏற்றிச் செல்லும் களிநண்டுகளின் கொடுக்குகளைக் கட்டுகிறவர்களின் கைவேகம் தனி. நண்டின் முதுகைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கொடுக்குகளையும் முகத்தோடு மடக்கி, நூலைக் குறுக்கே ஓட்டிப் பின்னால் ஒரு முடிச்சு. கட்டாவிட்டால் கூடைக்குள் ஒன்றையொன்று கடித்துக் கொடுக்கை ஒடித்துக்கொள்ளும். கொடுக்கு போன நண்டுக்கு விலை இல்லை.

விலங்குக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்ய அதிக நாள் ஆகியிருக்காது. மாடு அடைக்கும் தொழுவும், குற்றவாளியின் காலை மரத்துளைக்குள் மாட்டி வைக்கும் தொழுவும் தமிழில் ஒரே சொல். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அண்ணாந்தாள் என்று ஒரு தண்டனை இருந்தது. தாள் என்றால் கால். பையனின் ஒரு காலைத் தூக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். முகம் மேலே அண்ணாந்து பார்த்தபடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கோதண்டம் என்று இன்னொன்று, உத்தரத்துக் கயிற்றில் தொங்க விடுவது. வாத்தியார்மார்கள் இதற்கெல்லாம் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! கோதண்டம் என்பது ராமன் கை வில். தொங்கிய பிள்ளைக்கு அந்தப் பெயரின் அழகு தெரிந்திருக்க நியாயமில்லை.

விலங்கு என்ற சொல்லே ஒரு புதிர். மானும் மாடும் விலங்கு; கையில் பூட்டுவதும் விலங்கு. இரண்டுக்கும் அடிப்படை ‘குறுக்கு’ என்ற பொருள். விலங்குதல் என்றால் குறுக்காகக் கிடத்தல். மனிதன் நெட்டுக்கு நிற்கிறான், மாட்டின் உடல் குறுக்கே கிடக்கிறது. அதனால் அது விலங்கு. போகிறவனின் காலுக்குக் குறுக்கே நிற்கும் இரும்பும் விலங்கு. ‘விலங்கைப் போல நடத்தினார்கள்’, ‘விலங்கிட்டு நடத்தினார்கள்’ என்ற இரண்டு வாக்கியங்களும் செய்தித்தாளில் ஒரே பத்தியில் வருவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

விலங்கிடுவதைப் பற்றி நீதிமன்றங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. சிறைக்குள் கால்களில் இரும்புக் கம்பி விலங்கு பூட்டிவைப்பது பற்றி 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, சுனில் பத்ரா வழக்கில். அதில் பேர்போன கைதியான சார்லஸ் சோப்ராஜ் தன் கால் விலங்கை எதிர்த்து மனுச் செய்திருந்தார். 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், கைதியைக் கொண்டுபோகும்போதெல்லாம் வழக்கமாகக் கைவிலங்கு பூட்டுவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். தப்பி ஓடுவார் என்பதற்குத் தக்க காரணம் இருந்து, வேறு வழியில்லை என்றால் மட்டுமே பூட்டலாம். காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கொலை, பயங்கரவாதம், போதைப்பொருள் போன்ற குற்றங்களிலும், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள், காவலிலிருந்து தப்பியவர்கள் விஷயத்திலும் கைவிலங்கு பூட்டக் காவலருக்கு இடம் கொடுக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கதவு மறுபடி கொஞ்சம் திறந்திருக்கிறது. எனக்கு இது உவப்பாக இல்லை. சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கைவிலங்கு கழன்று வெளியே வர வேண்டுமானால் என்ன கேட்கிறோம்? பிணை. அதுவும் கட்டுதான். களத்தில் போரடிக்கும்போது மாடுகளைக் கழுத்தோடு கழுத்து சேர்த்துப் பிணையல் ஓட்டுவார்களே, அந்தப் பிணைதான் கச்சேரிக்குப் போய் ஜாமீன் ஆகியிருக்கிறது. ஒருவரை அவிழ்த்துவிட இன்னொருவரைக் கட்டி வைக்கிற ஏற்பாடு. பிணைக்கைதி என்பதிலும் அதுவே இருக்கிறது. நோய்க்குப் பிணி என்று பெயர் வந்ததும் பிணித்தல் என்ற கட்டிலிருந்துதான். படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தவர்களுக்கு அந்தப் பெயர்ப் பொருத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சங்கப் புலவர்கள் இந்தச் சொற்களைப் பூவிடம் கொண்டுபோனார்கள். மொட்டு விரிவதை அவர்கள் ‘தளை அவிழ்தல்’ என்றும் ‘பிணி அவிழ்தல்’ என்றும் சொன்னார்கள். இதழ்கள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. நேரம் வந்ததும் முடிச்சு நெகிழ்கிறது. காலை ஐந்து மணிக்குப் பூச்சந்தையில் மல்லிகை அரும்பைக் குவியலாகப் பார்த்துவிட்டு, அதே பூவை மாலை ஆறு மணிக்கு யார் தலையிலாவது பார்த்தவர்களுக்குப் புலவர் சொன்னது என்ன என்று விளங்கும்.

இனி அந்த யாப்புக் கேள்வி. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்புகளைச் சொல்லிக் கொடுக்கிறது யாப்பருங்கலக்காரிகை. தொல்காப்பியர் செய்யுளுக்கு உறுப்புகளை எண்ணியபோது தளைக்குத் தனி இடம் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள். உறுப்பைக் கட்டும் கயிற்றையே ஓர் உறுப்பாக எண்ணியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் எப்படிக் கட்டுண்டு நிற்கின்றன என்பதுதான் தளை. மொத்தம் ஏழு வகை. அவற்றில் வெண்பாவுக்கு உரியவை இரண்டு. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும், காய்ச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும். அவ்வளவுதான் விதி. முதல் இரண்டும் இயற்சீர் வெண்டளை, மூன்றாவது வெண்சீர் வெண்டளை.

தமிழாசிரியர் பிரம்பு ஞாபகம் வந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்; ஓர் உதாரணம் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைப்பை அப்படியே ஒரு வெண்பாவுக்குள் அடுத்தடுத்த சீர்களாக வைக்க முடியாது. ‘அம்மா’ நேர் நேர், தேமா. அடுத்து நிரையில் தொடங்கும் சீர் வர வேண்டும். ‘வந்தாள்’ நேரில் தொடங்குகிறது. தளை தட்டிவிடும். ‘அம்மா வருவாள்’ என்று மாற்றினால் இடிக்காது, ‘வரு’ நிரை. நாவலே வேறாகிவிடும், அது வேறு விஷயம். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஒவ்வோர் அடியாக ஊன்றி வைத்து நடக்கிறது. இரண்டாவது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகிறது. காதுக்குத் தெரிகிற இந்த வேறுபாட்டுக்குத்தான் பண்டிதர்கள் அவ்வளவு நீளமான பெயர்களை வைத்தார்கள்.

கட்டுகிறது என்பதற்குச் செய்யுள்காரர்களிடம் இன்னொரு பழைய சொல்லும் உண்டு, யாத்தல். அதிலிருந்து யாப்பு. அதே யாத்தலிலிருந்து வந்ததுதான் உடம்பைக் குறிக்கும் யாக்கையும். எலும்பும் தசையும் நரம்பும் சேர்த்துக் கட்டியது. ஆக்கை என்று எழுதினால் நார் என்றும் ஒரு பொருள் அகராதியில் கிடைக்கிறது. பனையேறியின் காலில் இருக்கும் நாரும் அந்தக் காலும் ஒரே சொல்லுக்குள் வந்து நிற்கும் இடம் இது.

1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்குக் களம் கொடுத்த பிறகு, ‘யாப்பின் தளைகளை உடைத்தெறிந்து’ என்ற தொடர் இல்லாத கட்டுரையே இல்லை என்றாகிவிட்டது. மேடைகளில் அடிமைத்தளை, சாதித்தளை, பெண்ணடிமைத்தளை. எல்லாம் உடைய வேண்டியவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மேடைத் தமிழுக்குத் தளையை உடைக்க மட்டும்தான் தெரிகிறது. மரத்தில் பாதி உயரத்தில் இருப்பவரிடம் போய் ‘தளையை உடைத்தெறியுங்கள்’ என்று யாரும் முழங்காமல் இருக்க வேண்டும். வெண்பா எழுதுகிறவர்கள் அந்தப் பனையேறி கட்சி. தட்டாமல் ஏறிப் போவதில் ஒரு தெம்பு இருக்கிறது என்று சொல்வார்கள்; எங்களுக்கு வாரம் தவறாமல் வந்து குவியும் வெண்பாக்களைப் பார்த்தால் தெம்பு நிறையப் பேருக்கு இருக்கிறது, தளை கொஞ்சம் பேருக்குத்தான் நிற்கிறது.

கட்டு என்று பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டும் வழக்கம் இன்னும் கிராமத்தில் இருக்கிறது. அந்தக் கட்டு வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போகலாம். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வது போலக் குச்சி வைத்து, இறுக்காமல் அசையாதபடி மட்டும் பிடித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இனி சொற்களுக்கே திரும்புவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஏட்டில் இருந்த சொற்களை அந்தப் பெரியவர்கள் அரும்பாடுபட்டுத் திரட்டினார்கள். ஊர்ச்சொற்களுக்கு கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் தனி அகராதிகள் செய்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தொழுவத்திலும் பனங்காட்டிலும் மீன் ஏலக்கூடத்திலும் எழுத்துக்கு ஏறாத கட்டுகள் நிறையக் கிடக்கும் என்றே நினைக்கிறேன். நாலு கால் உள்ள ஒன்றை எத்தனை விதமாகக் கட்டலாமோ அத்தனைக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் கறவை மாட்டின் பின்னங்காலைக் கட்டும் கயிற்றுக்கு என்ன பெயர்? தலையையும் முன்னங்காலையும் சேர்த்துக் கட்டுவதற்கு? தப்பி ஓடும் ஆட்டுக்கு? மரம் ஏறுகிறவர் காலில் மாட்டுவதற்கு? பெயரை மட்டும் எழுதாமல், கயிறு எதில் திரித்தது, எந்தக் காலோடு எந்தக் காலைச் சேர்ப்பது, முடிச்சு எங்கே விழும், யார் வாயிலிருந்து கேட்டீர்கள், எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரையத் தெரிந்தவர்கள் ஒரு கோட்டோவியம் போட்டு அனுப்பினால் சந்தோஷம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு வாசகர்களின் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பேத்தி பேரன்மார்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு அலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வோம். வெண்பாவில் எழுதி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்